பெரிய பூட்டை எடுத்தவர்

அவர் வாயிலிருந்து "முடிஞ்சிது" என்ற ஒரு சொல்லை வாங்குவதற்குள் எனக்கு முதல் நரை வந்துவிட்டது. எங்கள் நிறுவனத்தில் கணினி நிரல் எழுதியவர் அவர், விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

"வேலை முடிஞ்சிதா?" என்று கேட்பேன்.

"முடிஞ்ச மாதிரி இருக்குது மேடம்."

"அது என்ன மாதிரி?"

"இன்னும் ஓட்டிப் பாக்கல."

"நீங்கதானே எழுதினீங்க?"

"நான்தான் எழுதினேன். அதான் பாக்கணும்னு சொல்றேன்."

இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு முதலாளிக்கு நான் தேதி சொல்ல வேண்டும்.

யார் சொன்னாலும் எதையும் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார். இது திமிர் இல்லை. திமிராக இருந்திருந்தால் நான் எளிதாகச் சமாளித்திருப்பேன். அவர் பணிவான ஆள். திருவாமாத்தூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார், உயரமாக, சற்றே கூன் போட்டு, சட்டையைக் கசங்காமல் உடுத்திக்கொண்டு. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில், நெற்றியில் 'திண்டிவனம்' என்று பெரிதாக எழுதிய பஸ்ஸில் ஏறும்போது, "திண்டிவனம் போவுதுங்களா?" என்று கண்டக்டரைக் கேட்பார். "போர்டு தெரியல?" என்று கண்டக்டர் சீறினால், "போர்டு தெரியுதுங்க. வண்டி போவுதா?" என்பார். பஸ்ஸே சிரிக்கும். நான் அவரோடு வராதவள் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அலுவலகத்தில் ஒருவர் தன் தங்கையின் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தார். எல்லோரும் "அவசியம் வர்றோம்" என்று சொல்லி மேசையில் வைத்தோம். இவர் மட்டும் நின்றபடியே முழுவதும் படித்துவிட்டு, "தேதிக்கும் கிழமைக்கும் ஒத்து வரலியே" என்றார். காலண்டரைப் பார்த்தால் உண்மைதான். ஊரெல்லாம் கொடுத்து முடித்த பத்திரிகை அது. பத்திரிகை கொடுத்தவர் ஒரு வாரம் இவரிடம் பேசவில்லை. தப்பாக அச்சடித்தவன்மேல் கோபம் வரவில்லை, படித்தவர்மேல் வந்தது. எனக்கும் அப்படித்தான்.

எங்கள் அலுவலகம் விழுப்புரத்தில், ரயில் நிலையத்துக்குப் போகும் தெருவில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. பதினைந்து பேர். ஆஸ்பத்திரி நர்ஸ் மேசையில் வைக்கும் மானிட்டர் செய்தோம். எட்டுப் படுக்கைகளின் இதயத் துடிப்பும் ஆக்சிஜனும் அதன் திரையில் ஓடும். ஏதாவது ஒன்று தாறுமாறானால் அலாரம் அடிக்கும். டாக்டர் கேட்டால் துடிப்பின் கோட்டை நீளமான காகிதத் துண்டில் அச்சடித்துத் தரும்.

அந்தக் கருவிக்குள் ஓடும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் எங்களுடையதே. அதன் அடிமட்டமான கெர்னலை முதலாளி தன் இளமையில் தனியாக உட்கார்ந்து எழுதியிருந்தார். அவருக்கு அதில் பெருமை உண்டு, நியாயமான பெருமைதான். அதில் ஒரு பூட்டு இருந்தது. திரைக்கு எழுதும் நிரல், பிரிண்டருக்கு அனுப்பும் நிரல், அலாரம் அடிக்கும் நிரல் என்று எது கெர்னலுக்குள் வந்தாலும் முதலில் அந்தப் பூட்டைக் கைப்பற்ற வேண்டும். அது வேலையை முடித்துப் பூட்டை விடும்வரை மற்றவை வெளியே நிற்க வேண்டும். இரண்டு நிரல்கள் ஒரே சமயத்தில் ஒரே தகவலில் கைவைத்துக் குழப்பிவிடக் கூடாது என்பதற்காக ஏற்பாடு. முழு கெர்னலுக்கும் ஒரே பூட்டு. அதைப் பெரிய பூட்டு என்போம்.

பழைய சிப்பில் கணக்குப் போடும் மூளை, அதாவது கோர், ஒன்றே ஒன்றுதான். எப்படியும் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் நடக்கும். பூட்டு யாருக்கும் உறுத்தவில்லை. பிறகு நான்கு கோர் உள்ள சிப்புக்கு மாறினோம். நான்கு வேலை ஒன்றாக நடக்கும் என்று முதலாளி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்ச் சொன்னார். நடந்தது என்னவென்றால், ஒரு கோர் பூட்டைப் பிடித்துக்கொண்டு வேலை செய்ய, மற்ற மூன்றும் கைகட்டி நின்றன.

திண்டிவனத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் எங்கள் கருவி இருந்தது. அங்கே ஒரு நாள், ஒரு படுக்கையின் நீளமான துண்டு அச்சாகிக்கொண்டிருந்தபோது இன்னொரு படுக்கைக்காரருக்கு ஆக்சிஜன் சரசரவென்று இறங்கியிருக்கிறது. பிரிண்டர் நிரல் பூட்டைப் பிடித்திருந்ததால் அலாரம் நிரல் வெளியே காத்திருந்தது. மூத்த நர்ஸ் தற்செயலாகத் திரும்பிப் பார்த்ததால் ஆள் பிழைத்தார். நாங்கள் போய் நின்றபோது அந்த சிஸ்டர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"உங்க மெஷினு கத்தறதுக்குள்ள நான் கத்திட்டேன்மா. பதினோரு செகண்டு. நான் இல்லாங்காட்டி இன்னா ஆயிருக்கும், சொல்லு?"

பக்கத்தில் நின்ற இவர் கேட்டார்: "பதினொண்ணுன்னு எப்படி எண்ணுனீங்க சிஸ்டர்?"

அந்த இடத்தில் அவரை அடிக்கலாமா என்று எனக்குத் தோன்றியது. சிஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். இவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

பெரிய பூட்டை எடுத்துவிடுவது என்று முடிவானது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு தகவலுக்கும் தனித்தனியாகச் சின்னப் பூட்டு. பிரிண்டர் தன் பூட்டோடு இருக்கும், அலாரம் தன் வழியில் போகும். முதலாளி "எத்தனை நாள்?" என்றார். நான் "இரண்டு மாசம்" என்றேன். இவரைப் பார்த்தேன், "ஆமாம்" என்று ஒத்து ஊதுவார் என்று. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் மூன்று வாரம் அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. பெரிய பூட்டு பிடிக்கப்படும் இடங்களையெல்லாம் தேடி, ஒரு கோடு போட்ட நோட்டில் வரிசை எண் போட்டு எழுதினார். நூற்று எழுபத்து மூன்று இடங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம்: அந்த இடத்தில் பூட்டு எதைக் காக்கிறது? அந்தக் கட்டம் நிரம்பாமல் பூட்டைத் தொட மாட்டார்.

"இது இன்னாத்த பாத்துக்கினு இருக்குதுன்னு தெரியணுமே மேடம்" என்பார்.

"எடுத்துப் பாத்தா தெரிஞ்சிடப் போவுது."

"தெரியாது மேடம். எடுத்தா நல்லாத்தான் ஓடும். ஒரு நா வரைக்கும்."

இருபது இடங்களில் எடுப்பார். நான் முதலாளியிடம் போய் இருபது என்று சொல்வேன். இரண்டு நாள் கழித்து, "ஆறு எடத்துல திரும்பப் போட்டுட்டேன் மேடம்" என்பார். கேட்டால், ஒரு நிரல் முதல் பூட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதற்குக் காத்திருக்கிறது, இன்னொன்று இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு முதலாவதற்குக் காத்திருக்கிறது, இரண்டும் நகராமல் கருவி உறைந்துவிட்டது என்பார். எந்தப் பூட்டுக்குப் பின் எந்தப் பூட்டு என்ற வரிசையைச் சுவரில் ஒட்டினார். பிறகு அதையும் கிழித்து வேறு ஒட்டினார். மற்றவர் வேலையெல்லாம் முன்னே போகும், இவர் வேலை மட்டும் பின்னே வரும்.

இரண்டு மாதம் நான்கு ஆனது. நான்கு ஆறு ஆனது. முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லாமல் பேசினார். "அவன் கெடுத்துக்கினு இருக்கான். நீ பாத்துக்கினு இருக்கே" என்றார்.

எனக்கு இன்னொரு பாரமும் இருந்தது. நாங்கள் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் பழைய கருவி அங்கே ஓடிக்கொண்டுதான் இருந்தது. கவனம் ஒரு நல்ல குணம்தான், ஆனால் அது முடியும்வரை படுக்கையில் யாரோ காத்துக்கிடக்கிறார்கள். இதைச் சொல்லி ஒரு நாள் அவரிடம் கத்தினேன். மறுநாள் சனிக்கிழமை, விடுமுறை. அவர் தன் பாட்டுக்குப் பஸ் ஏறித் திண்டிவனம் போய், அந்தக் கருவியின் பிரிண்டர் ஒயரைப் பிடுங்கி ஒரு கவரில் போட்டு சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அச்சு இல்லையென்றால் அலாரம் தாமதமாகாது.

சிஸ்டர் எனக்குப் போன் செய்தார். "இன்னாமா இது பேஜாரு? துண்டு இல்லாம டாக்டருக்கு இன்னாத்த காட்டறது? ரெண்டுல ஒண்ணுதான் வேலை செய்யுமா உங்க மெஷினு?"

"கொஞ்ச நாள் சிஸ்டர்" என்றேன்.

"ஜல்தியா பண்ணச் சொல்லுமா அந்த நெட்டையன."

ஏழாவது மாதம் அவர் இரண்டு நாள் லீவு கேட்டார். அக்கா மகளுக்குத் திருவாமாத்தூர் கோயிலில் காதுகுத்து, இவர்தான் தாய்மாமன். போய்வாருங்கள் என்றேன். அவர் படியிறங்கியதும், கூட வேலை செய்யும் ஒருவரை உட்காரவைத்து, பிரிண்டர் வழியில் மிச்சமிருந்த பெரிய பூட்டை நானே எடுத்தேன். நோட்டில் அது நூற்று ஐந்தாம் எண். எதிர்க் கட்டம் காலியாக இருந்தது. பிரிண்டருக்குத் தனிப் பூட்டு ஒன்றை வைத்தேன். ஒரு நாள் பூராவும் எட்டுப் போலிப் படுக்கைகளை இணைத்து அச்சடித்துத் தள்ளினோம். ஒரு கோளாறும் இல்லை. அலாரம் ஒரு நொடிக்குள் அடித்தது. இதற்குத்தானா இத்தனை மாதம் என்று வந்த கோபத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை, மாற்றிய நிரலை ஏற்றிய புதிய கருவியைத் திண்டிவனத்துக்கு எடுத்துப்போய், பழையதற்குப் பக்கத்தில் வைத்து இணைத்தேன். சோதனைக்கு மட்டும், இதைப் பார்த்து மருந்து கொடுக்காதீர்கள் என்று சிஸ்டரிடம் சொன்னேன். அவரும் தலையாட்டினார். ஆனால் வாரக்கணக்கில் அச்சு இல்லாமல் இருந்த வார்டு அது. பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டதும் டூட்டி டாக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்பா, வந்துடுச்சா" என்று துண்டு துண்டாகக் கேட்க ஆரம்பித்தார். நான் தடுத்திருக்க வேண்டும். எனக்கும் பெருமையாக இருந்தது.

பதினொரு மணி வாக்கில் வார்டு வாசலில் யாரோ பட்டு வேட்டியில் நின்றார். நெற்றியில் விபூதி, கழுத்தில் மாலை போட்ட ஈரம், சட்டையில் ஒரு குழந்தையின் கண்ணீரும் சந்தனமும். கூட வேலை செய்பவர் போனில் விஷயத்தைச் சொல்லிவிட்டிருக்கிறார்.

"லீவுலதானே இருக்கீங்க? இங்க எதுக்கு?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"மடியில வெச்சி குத்தியாச்சு மேடம். சாப்பாட்டுக்குத்தான் நிக்கல."

தாய்மாமன் சாப்பிடாமல் போன காதுகுத்து. அவர் அக்கா அவரோடு தீபாவளி வரை பேசவில்லை என்று பின்னால் தெரிந்தது.

அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிரிண்டர் பக்கத்தில் போய் நின்று, வெளியே வரும் ஒவ்வொரு துண்டையும் எடுத்துப் படித்தார். பெயரைப் பார்ப்பார், திரையைப் பார்ப்பார், வைப்பார். அடுத்தது. ஒரு மணி நேரம். பட்டு வேட்டிக்காரர் ஒருவர் வார்டில் நின்று இப்படிச் செய்வதை நோயாளிகளின் உறவினர்கள் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

டாக்டர் அவர் கையைத் தாண்டி ஒரு துண்டை உருவினார். பார்த்ததும் புருவம் சுருங்கியது. "மூணாம் பெட்டம்மாக்கு துடிப்பு முப்பத்தெட்டா? சிஸ்டர், ஊசி எடுங்க" என்று துடிப்பை ஏற்றும் மருந்தின் பெயரைச் சொல்லி எழுதத் தொடங்கினார்.

"இருங்க சார்" என்றார் இவர்.

"யாருய்யா நீ?"

"மெஷினு எங்களுதுதான் சார். அந்தத் துண்டு அந்தம்மாவோடதுன்னு எனக்கு நம்பிக்கை வரல. ஸ்கிரீன்ல மூணாம் பெட்டு எம்பத்திரண்டு காட்டுது."

"பேரு போட்டிருக்குதே."

"பேரு போட்டிருக்குது சார். ஆள போய்ப் பாத்துடுங்க."

டாக்டர் முறைத்தார். ஆனாலும் சிஸ்டர் அதற்குள் எழுந்து மூன்றாம் படுக்கைக்குப் போய்விட்டார். அங்கே அந்த அம்மாள் மகள் உரித்துக் கொடுத்த மல்லாட்டைக் கடலையைத் தின்றுகொண்டிருந்தார். மணிக்கட்டைப் பிடித்து எண்ணிய சிஸ்டர் அங்கிருந்தே தலையை இடவலமாக ஆட்டினார். பிறகு ஒவ்வொரு படுக்கையாக ஓடினார்கள். துடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது ஐந்தாம் படுக்கைக்காரருக்கு. முப்பத்தைந்துக்குக் கீழே போனால்தான் அலாரம் அடிக்கும்படி வைத்திருந்ததால், அவர் தூங்குகிறார் என்று நினைத்திருந்தார்கள். ஊசி அவருக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் கண் திறந்து தண்ணீர் கேட்டார்.

நான் புதிய கருவியின் ஒயரைக் கழற்றினேன்.

அங்கேயே உட்கார்ந்து பார்த்ததில், காரணம் அன்று மாலையே தெரிந்துவிட்டது. நோயாளியின் பெயரை எழுதிவைக்கும் இடம் ஒன்றுதான். பிரிண்டரும் அங்கே எழுதும், படுக்கைகளிலிருந்து தகவல் வாங்கும் நிரலும் அங்கே எழுதும். பெரிய பூட்டு இருந்தவரை இரண்டும் மோதவில்லை. நான் வைத்த பூட்டு பிரிண்டரை மட்டும்தான் கட்டுப்படுத்தியது, அதனால் ஐந்தாம் படுக்கையின் துண்டில் மூன்றாம் படுக்கையின் பெயர் ஏறிவிட்டது. நாங்கள் ஒரு நாள் முழுக்கச் சோதித்தபோது ஏன் தெரியவில்லை? எட்டுப் போலிப் படுக்கைகளுக்கும் நான் ஒரே பெயர் வைத்திருந்தேன்: டெஸ்ட். பெயர் இடம் மாறி விழுந்தாலும் வித்தியாசம் தெரியாது.

திரும்பும் பஸ்ஸில் அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். மயிலம் போகும் பாதை பிரியும் இடம் வந்தது, விக்கிரவாண்டி வந்தது. அவர் பையிலிருந்து நோட்டை எடுத்தார். நூற்று ஐந்தாம் எண்ணுக்கு எதிரே எழுதினார்.

"இது இன்னாத்த பாத்துக்கினு இருந்துதுன்னு தெரிஞ்சிடுச்சி மேடம்" என்றார். அவ்வளவுதான். கிண்டல் இல்லை. உண்மையாகவே ஒரு கட்டம் நிரம்பியதில் அவருக்குத் திருப்தி. திட்டியிருந்தால் நான் அழுதாவது தீர்த்திருப்பேன்.

முதலாளியிடம் நானே போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். மருத்துவமனை எங்களை விலக்கிவிடும் என்று பயந்தோம். சிஸ்டர்தான் காப்பாற்றினார். "அந்த நெட்டையன் முடிஞ்சிதுன்னு சொன்னா எடுத்துக்கினு வா. நீ சொல்லி எடுத்துக்கினு வராத" என்றார் என்னிடம். சரி சிஸ்டர் என்றேன்.

இதற்குப் பிறகு நான் அவரைப் புரிந்துகொண்டு பொறுமைசாலி ஆகிவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. ஏனென்றால் அதற்குப் பிறகுதான் ஐம்பத்தெட்டாம் எண் வந்தது.

மற்ற எல்லா இடங்களிலும் பூட்டை எடுத்தாயிற்று. அந்த ஓர் இடம் மட்டும் மிச்சம். பூட்டைப் பிடிக்கிறது, ஒன்றும் செய்யாமல் விடுகிறது. எதைக் காக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்று வாரம் அதோடு உட்கார்ந்தார். கடைசியில் முதலாளியே தன் அறையை விட்டு எழுந்து வந்தார்.

"நான் எழுதினதுய்யா அது. நானே சொல்றேன், எடு."

"நீங்கதான் சார் எழுதினீங்க. எதுக்குன்னு ஞாபகம் இருக்குதுங்களா?"

முதலாளி யோசித்தார். "இல்ல" என்றார்.

"ரெண்டு நா குடுங்க சார்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அலமாரியில் கிடந்த பழைய நிரல்களையெல்லாம் கிளறி இறுதியில் கண்டுபிடித்தார். முன்னொரு காலத்தில் கருவியில் பேசும் குரல் வைக்க முதலாளி முயன்று கைவிட்டிருக்கிறார். அதன் மிச்சம். அது எதையும் காக்கவில்லை. மூன்று வாரமும் வீண். "ஒண்ணுமே இல்லியேய்யா" என்று நான் கத்தியபோது, "ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சிடுச்சே மேடம்" என்றார் அமைதியாக.

அன்று மத்தியானம் எல்லோரும் சுற்றி நிற்க, முதலாளியையே உட்காரவைத்துப் பெரிய பூட்டின் கடைசி வரியை அழிக்கச் சொன்னார். முதலாளி அழித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாரோ லட்டு வாங்கி வந்தார்கள். "இப்பவாவது சொல்லுங்க, முடிஞ்சிதா?" என்றேன். அவர் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்து, "பத்து நா ஓடட்டும் மேடம்" என்றார்.

பத்தாம் நாள் சாயங்காலம், என் மேசைக்கு வந்து, "முடிஞ்சிது" என்றார். கருவி திண்டிவனத்துக்குப் போனது. இன்றும் ஓடுகிறது. அதன் அலாரம் தாமதமானதாக ஒரு புகார் வந்ததில்லை.

அந்த வருடக் கடைசியில் எனக்குக் கீழே வேலை செய்தவர்களைப் பற்றி நான் மதிப்பீட்டுப் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. இவருடையதை ஐம்பத்தெட்டாம் எண்ணின் கோபம் தணியாத நாளொன்றில் எழுதியிருந்தேன். குறைகள் என்ற இடத்தில்: 'மிக மெதுவானவர். பிறர் சொல்லை ஏற்பதில்லை. இரண்டு மாத வேலையைப் பத்து மாதம் இழுத்தார்.' அது அவருடைய பதவி உயர்வைக் கெடுக்கும் என்று தெரிந்துதான் எழுதினேன். அதை அவரவர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் படிக்காமலே போட்டார்கள். அவர் என் எதிரே உட்கார்ந்து, அச்சடித்த விதிமுறைகள் உட்பட, அரை மணி நேரம் படித்தார்.

"இது சரியில்லியே மேடம்" என்றார்.

வரட்டும் என்று இருந்தேன். சண்டைக்கு வந்தால் அந்த வரிகளை அடித்துவிடுவது என்றுகூட மனதுக்குள் முடிவு செய்திருந்தேன்.

"பத்து மாசம் இல்ல. பதினொண்ணு ஆச்சு."

பேனாவை எடுத்து 'பத்து' என்பதை அடித்து, மேலே 'பதினொன்று' என்று எழுதி, திருத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கையெழுத்தும், கீழே பெரிய கையெழுத்தும் போட்டார். "கீழ தம்பி வண்டியோட நிக்கறான், வர்றேன் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தாளை எடுத்து மறுபடி படித்தேன். நான் பிறகு பார்க்கலாம் என்று விட்டிருந்த ஓர் இடம் காலியாக இருந்தது. இவரால் நிறுவனத்துக்குக் கிடைத்த பயன் என்று தலைப்பு. அதை எழுத ஒரே ஒரு கோடுதான் கொடுத்திருந்தார்கள். நான் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில், மேல் ஓரத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன்.